நாலு டன் பீரங்கி: மிச்சம் பிடித்த எடை எங்கே போய் நிற்கிறது?

"நாம் அமெரிக்காவிடம் வாங்கிய எம்777 பீரங்கியின் எடை 4.2 டன். போபர்ஸ் 12 டன். இரண்டுமே 155 மி.மீ., இரண்டுக்கும் 39 காலிபர் குழல், சுடுவதும் ஒரே வகைக் குண்டு. அப்படியானால் போபர்ஸில் இருக்கும் மீதி எட்டு டன் எதற்கு? எல்லாப் பீரங்கியையும் டைட்டானியத்தில் செய்துவிட வேண்டியதுதானே? 18 டன்னில் நம் நாட்டு அட்டாக்ஸ் பீரங்கியைச் செய்வது எதற்கு? எடை குறைவுதான் நோக்கம் என்றாலும் எம்777-ல் ஒரு சின்ன எஞ்சினையாவது வைத்திருக்கலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: பீரங்கியில் எடை என்பது வெறும் சுமையா, அல்லது அது ஏதாவது வேலை செய்கிறதா? வேலை செய்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும். எம்777-ல் அதைப் பாதி வடிவமைப்பும் மீதியைப் பீரங்கியைச் சுற்றி நிற்கும் எட்டு பேரும் செய்கிறார்கள்.

பதிலுக்குள் போகும் முன் ஒரு எச்சரிக்கை. எடை, குழல் நீளம், ஒப்பந்த விவரம் போன்றவை பொதுவெளியில் உறுதியாக உள்ளவை. தயார்ப்படுத்தும் நேரம், நிமிடத்துக்கு இத்தனை குண்டு என்பதெல்லாம் தயாரிப்பாளரின் தாளில் இருப்பவை. பயிற்சி மைதானத்தில், நல்ல தரையில், தூங்கி எழுந்த குழு செய்து காட்டிய எண்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பின்னுதைப்புக் கணக்கு நான் போடும் உத்தேசக் கணக்கு. அதில் உள்ள எண்களை எம்777-ன் வரைபடத்திலிருந்து எடுத்தது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் எந்த எடை குறையவில்லை என்று பார்ப்போம். 39 காலிபர் என்றால் குழலின் நீளம் துளையின் விட்டத்தைப் போல 39 மடங்கு. 155 மி.மீ. பெருக்கல் 39, அதாவது 6 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்தக் குழல் எம்777-லும் எஃகுதான். சுடும் கணத்தில் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 3 டன்னுக்கு மேல் அழுத்தம், இரும்பையே உருக்கும் சூட்டில் வாயு. அந்தச் சூட்டில் டைட்டானியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். எனவே குழல், அதன் பின்வாயை மூடும் பிரீச், பிரீச்சின் வளையம் எல்லாம் எஃகாகவே இருந்தாக வேண்டும். 'டைட்டானியம் பீரங்கி' என்று சொல்லும்போது குழலைத் தாங்கும் தொட்டில், நடு உடல், கால்கள், மண்ணில் இறங்கிப் பிடிக்கும் ஸ்பேடு தகடுகள் ஆகியவைதான் டைட்டானியம் என்று புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கர்கள் அதற்கு முன் வைத்திருந்த எம்198 பீரங்கியும் 155 மி.மீ., 39 காலிபர்தான், எடை 7.1 டன் சொச்சம். அதிலிருந்து சுமார் 3 டன் குறைந்தது. அவ்வளவும் குழலுக்கு வெளியே நடந்த வேலை.

இனி பின்னுதைப்பு. படகிலிருந்து கரைக்குக் குதித்தால் படகு பின்னால் போகும் அல்லவா, அதே விதிதான். குண்டு 45 கிலோ, வாயை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு 825 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் உந்தம் சுமார் 37,000 அலகு. உந்துமருந்தின் வாயுவும் பின்னாலேயே பாய்ந்து வருவதால் இது மூன்றில் ஒரு பங்காவது கூடும். குழலின் வாயில் இருக்கும் மஸல் பிரேக் அந்த வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பி, கூடினதில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்துவிடும். ஆகவே கணக்குக்கு 37,000 போதும்.

இந்த உந்தம் முழுவதும் குழல் மேல் விழுகிறது. குழலும் அதோடு பின்னால் ஓடும் பாகங்களும் சேர்ந்து 3,000 கிலோ என்றால் அவை நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் கிளம்பும். உள்ளே இருக்கும் ஆற்றல் சுமார் 228 கிலோஜூல். அதே பாகங்களை 2,000 கிலோவாகக் குறைத்தால் வேகம் 18.5 மீட்டர், ஆற்றல் 342 கிலோஜூல். குண்டு அதேதான், மருந்து அதேதான். எடையைக் குறைத்ததற்காகவே அடக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. இலேசான பீரங்கியின் தலைவலி எல்லாம் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அந்த 342 கிலோஜூலை ஒரு மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால் சராசரியாக 35 டன் விசை. 1.4 மீட்டர் ஓடவிட்டு நிறுத்தினால் 25 டன். அதனால்தான் இலேசான பீரங்கிகளில் குழல் நீளமாகப் பின்னோடும். அவசரப்படாமல் நிறுத்தினால் சட்டகத்துக்கு வலி குறைவு. ஆனால் 25 டன்னும் சின்ன விஷயம் இல்லை. பீரங்கியே 4.2 டன்தான். குழல் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், கிடைமட்டமாக இருக்கிறது என்று வையுங்கள். 25 டன் அந்த உயரத்தில் பின்னால் தள்ளும்போது, பின்னால் ஊன்றிய ஸ்பேடை அச்சாக வைத்துப் பீரங்கியின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். கவிழ்க்கும் திருப்புத்திறன் 30 டன்-மீட்டர். அதை எதிர்க்க இருப்பது பீரங்கியின் சொந்த எடையும், எடை மையத்திலிருந்து ஸ்பேடு வரை உள்ள தூரமும். 4.2 டன்னை வைத்து 30-ஐ ஈடுகட்ட 7 மீட்டர் நீளக் கால் வேண்டும். குழலின் அச்சை 65 செ.மீ. உயரத்துக்கு இறக்கிவிட்டால் கவிழ்க்கும் திறன் 16 ஆகக் குறைகிறது. 4 மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும்.

எம்777-ன் படத்தை இப்போது பாருங்கள். குழல் தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடக்கும். சக்கரத்தைத் தூக்கிவிட்டு, வயிற்றைத் தரையில் வைத்து, முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு கால் என்று நாலு பக்கமும் விரித்துப் படுத்திருக்கும். அழகுக்காகச் செய்தது ஒன்றும் இல்லை, மேலே போட்ட பெருக்கல் கணக்குதான் அந்த உருவம். 12 டன் பீரங்கி தன் எடையாலேயே உட்கார்ந்துகொள்ளும். 4 டன் பீரங்கி தன் வடிவத்தாலும் மண்ணின் பிடியாலும் உட்கார வேண்டும். உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி இதுதான். மீதிப் பாதி, போபர்ஸில் இருக்கும் எஞ்சின், குண்டு தூக்கும் சிறு கிரேன், குண்டேற்ற உதவும் இயந்திரம். மூன்று குண்டுகளைப் பதினைந்து நொடிக்குள் அனுப்பவும், லாரி இல்லாமலே கொஞ்ச தூரம் தானே உருண்டு போகவும் போபர்ஸுக்கு முடிவது அவற்றால்தான். எம்777-ல் இதெல்லாம் கிடையாது. ஹைட்ராலிக் இருக்கிறது, ஆனால் சக்கரத்தை ஏற்றி இறக்குவதற்கான பம்பைக் கையால் அடிக்க வேண்டும்.

டைட்டானியம் பற்றி. இதில் பயன்படுவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த விமானத்துறைக் கலவை. எஃகின் அடர்த்தி 7.85 என்றால் இதன் அடர்த்தி 4.43. வலிமையில் நல்ல எஃகுக்குக் கிட்டத்தட்டச் சமம். இதோடு நிறுத்தினால் டைட்டானியம் அதிசயம்தான். ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பில் எஃகுக்கு ஏறத்தாழப் பாதிதான் தேறும். அதே தடிமனில் செய்தால் உடையாது, ஆனால் வில் மாதிரி வளைந்து நிமிரும். குழலைத் தாங்கும் தொட்டில் அப்படி ஆடினால் குறி போய்விடும். அதனால் குறுக்குவெட்டைப் பெரிதாக்கிப் பெட்டி வடிவிலும் குழாய் வடிவிலும் அமைக்க வேண்டியிருக்கிறது. தாளில் தெரியும் எடைச் சேமிப்பில் ஒரு பங்கு அங்கே திரும்பப் போய்விடும்.

வெல்டிங் இன்னொரு தொல்லை. சூடான டைட்டானியத்தில் காற்று பட்டால் ஆக்சிஜன் உள்ளே இறங்கி அந்த இடம் நொறுங்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் ஆர்கான் மூடாக்கு போட்டு, ஆறும் வரை விலக்காமல் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்த இடம் வெள்ளி நிறமாக இருந்தால் நல்லது. நீலம் தட்டினால் சந்தேகம். சாம்பல் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெட்டியெறிய வேண்டியதுதான். இதனால்தான் தயாரிப்பு முன்னேற முன்னேற, பல துண்டுகளைப் பற்றவைத்துச் செய்த ஸ்பேடு போன்ற பாகங்களை ஒரே வார்ப்பாக மாற்றினார்கள். படைப்பிரிவின் பணிமனையில் எஃகுக் காலில் விரிசல் விட்டால் வெல்டர் ஒருவர் மாலைக்குள் சரி செய்துவிடுவார். டைட்டானியக் காலில் விரிசல் என்றால் பாகத்தையே கழற்றி அனுப்ப வேண்டியிருக்கும். 'எல்லாப் பீரங்கியையும் டைட்டானியத்தில் செய்துவிடலாமே' என்பதற்கு விலையைத்தான் எல்லோரும் பதிலாகச் சொல்வார்கள். பழுதுபார்ப்பைச் சொல்பவர் குறைவு. விலையும் குறைவில்லை என்பது வேறு விஷயம். இந்தியா 2016 நவம்பரில் அமெரிக்க அரசு வழியாக 145 பீரங்கிகளுக்குச் செய்த ஒப்பந்தம் சுமார் 73.7 கோடி டாலர். வகுத்தால் ஒன்றுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. ஆனால் இதில் உதிரிபாகம், பயிற்சி எல்லாம் சேர்ந்தே இருப்பதால் இதைப் பீரங்கியின் தனி விலை என்று மேற்கோள் காட்டுவது தப்பு.

(இதை வடிவமைத்தது பிரிட்டனின் பாரோ-இன்-ஃபர்னஸ் ஊர் விக்கர்ஸ் நிறுவனம், நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் இடம். பிறகு அது பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் வசம் போனது. வேடிக்கை என்னவென்றால் பிரிட்டிஷ் ராணுவம் இதை வாங்கவே இல்லை. வாங்கியவர்கள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா. நமக்கான 145-ல் 25 தயாராக வந்தன. மீதி 120-ஐ மஹிந்திராவோடு சேர்ந்து இங்கேயே பூட்டும் ஏற்பாடு.)

சரி, களத்தில் இது எப்படி நடக்கிறது? லாரி நிற்கிறது. மற்றப் பீரங்கிகள் பின்கால்களைப் பிடித்து இழுக்கப்படும். இது குழலின் வாயைப் பிடித்து இழுக்கப்படும். கொக்கி மாட்டும் வளையம் மஸல் பிரேக்கிலேயே இருக்கிறது. அதற்கென்று ஒரு தனிச் சட்டம் வைக்காததால் எடை மிச்சம். கொக்கியைக் கழற்றி, முன்கால்களை இறக்கி, பின்கால்களைத் திருப்பி விரித்து, ஸ்பேடுகளை மண்ணில் இறக்கி, பம்பை அடித்துச் சக்கரத்தைத் தூக்கினால் உடல் தரையில் உட்காரும். 3 நிமிடத்துக்குள் முடியும் என்பது தாளில் உள்ள எண். தரை நன்றாக இருந்தால் முடியும்.

தரை எப்போதும் நன்றாக இருப்பதில்லை. இளகிய மண்ணில் முதல் ஓரிரு குண்டுகளிலேயே ஸ்பேடு ஆழமாக உள்ளே போய் உட்காரும். அதுவரை பீரங்கி நகர்ந்துகொண்டிருப்பதால் அந்தக் குண்டுகளின் விழுப்புள்ளியை வைத்துத் திருத்தம் சொல்லக் கூடாது. பாறையிலோ உறைந்த மண்ணிலோ நேர்மாறு: ஸ்பேடு இறங்கவே இறங்காது. கடப்பாரையும் பிக்காக்ஸும் எடுத்துக் குழி வெட்டி, அதில் ஸ்பேடை வைத்து, பின்னால் மூட்டை அடைத்து ஊன்ற வேண்டும். 12 டன் பீரங்கிக்கும் இது உண்டு. ஆனால் அது கொஞ்சம் சறுக்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 4 டன் பீரங்கி சறுக்கினால் ஒவ்வொரு குண்டுக்கும் குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும். லேசர் கைரோ பொருத்திய குறிபார்க்கும் கருவி இங்கேதான் கைகொடுக்கிறது: குழல் இப்போது எந்தத் திசையை, எந்த ஏற்றத்தைப் பார்க்கிறது என்று ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் அது தானே சொல்லும்.

பக்கவாட்டில் குழலைத் திருப்பும் எல்லை இடதும் வலதும் சுமார் 23 டிகிரி. இலக்கு அதற்கு வெளியே போய்விட்டால் மறுபடி சக்கரத்தை இறக்கி, புதைந்த ஸ்பேடைப் பிடுங்கி, முழுப் பீரங்கியையும் திருப்பி, மீண்டும் ஊன்ற வேண்டும். விளம்பரப் படங்களில் இந்தக் காட்சியைப் பார்க்க முடியாது. சேற்றில் அரை மணி நேரம் சுட்டபின் ஸ்பேடைப் பிடுங்குவது லேசான வேலை இல்லை. எதிரி உங்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் 2 நிமிடத்தில் கிளம்பலாம் என்கிற எண்ணையும் இதே சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பீரங்கி மட்டும் கிளம்பினால் போதாது. உருமறைப்பு வலை, பிரித்து அடுக்கிய குண்டு, மருந்துப் பெட்டி எல்லாம் கூடவே கிளம்ப வேண்டும்.

சுடும் வேலையும் கையால்தான். ஒரு குண்டு 43 முதல் 47 கிலோ. இரண்டு பேர் தட்டில் வைத்துக் கொண்டுவந்து குழலின் பின்வாயில் நீட்ட, நீண்ட கோலால் ஓங்கித் தள்ளி உள்ளே செருக வேண்டும். இந்தத் தள்ளலில்தான் நிறையத் தவறு நடக்கும். குண்டின் இடுப்பில் ஒரு செம்பு வளையம் இருக்கிறது. அது குழலின் புரிவெட்டு தொடங்கும் இடத்தில் இறுகிக் கவ்வி உட்கார வேண்டும். தள்ளல் மெதுவாக இருந்தால் கவ்வாது. குழல் நிமிர்ந்திருக்கும்போது குண்டு நழுவிப் பின்னால் வந்து மருந்தின் மேல் உட்காரலாம். மருந்து எரியும் அறையின் கொள்ளளவு மாறும், அழுத்தம் மாறும், குண்டு தப்பான தூரத்தில் விழும். அதைவிட மோசமாகவும் ஆகலாம். இயந்திரத் தள்ளு கோல் இருக்கும் பீரங்கியில் ஒவ்வொரு தள்ளலும் ஒரே பலத்தில் இருக்கும். மனிதக் கையில் முதல் குண்டுக்கும் அறுபதாவது குண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். எம்777-ன் 'நிமிடத்துக்கு 5 குண்டு' இரண்டு நிமிடத்துக்குத்தான். பிறகு நிமிடத்துக்கு 2. குழலின் சூடு ஒரு காரணம், ஆட்களின் தோள் இன்னொரு காரணம்.

சூட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உச்ச சார்ஜில், அதாவது அதிகபட்ச அளவில், மருந்து சுமார் 12 கிலோ. எரிந்தால் 40 மெகாஜூலுக்கு மேல் ஆற்றல் வரும். குண்டு எடுத்துக்கொண்டு போவது 15. மீதியில் பெரும்பகுதி வாயுவோடு வெளியே போய்விட, ஒரு பங்கு குழலின் சுவரில் இறங்கும். வேகமாகச் சுட்டுக்கொண்டே போனால் அறை அவ்வளவு சூடாகி, ஏற்றிவைத்த மருந்து தானே பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. முந்தைய குண்டின் எரியும் துகள் அறையில் தங்கியிருந்தாலும் இதே அபாயம்தான். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ஈரத் துடைப்பம் போடுவது சடங்கு இல்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இதை ஏன் வாங்கினோம்? மலைக்காக. அருணாசலத்திலும் லடாக்கிலும் கொண்டை ஊசி வளைவுகளில், எடை தாங்காத சிறு பாலங்களில், நீளமான லாரியும் 12 டன் பீரங்கியும் சேர்ந்த வண்டித்தொடர் போக முடியாத இடங்கள் ஏராளம். அங்கே சினூக் ஹெலிகாப்டரின் வயிற்றுக் கொக்கியில் இதைத் தொங்கவிட்டு ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்கு மாற்றலாம். சினூக்கின் நடுக்கொக்கி கடல்மட்டத்தில் கிட்டத்தட்ட 11.8 டன் தாங்கும். அப்படியானால் போபர்ஸையே தூக்கிவிடலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 63 சதவீதம்தான். இறக்கைக்கும் எஞ்சினுக்கும் காற்று போதாமல் தூக்கும் திறன் கடுமையாக விழுந்துவிடும். 4.2 டன்னின் அருமை அங்கேதான் தெரியும்.

ஆனால் பீரங்கியைக் கொண்டுபோனால் போதுமா? குண்டை வெடிக்கச் செய்யும் ஃபியூஸ், மருந்து, பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு குண்டுக்கு 60 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேகச் சூட்டுக்கு 10 குண்டு, 600 கிலோ. 70 குண்டு சேர்ந்தால் பீரங்கியின் எடையே வந்துவிட்டது. ஒரு பீரங்கிக்கு 70 குண்டு என்பது கடும் சண்டையில் ஒரு நாளுக்குக் காணாது. ஆறு பீரங்கி கொண்ட ஒரு பேட்டரியை மேட்டில் இறக்க ஆறு நடை. அதைச் சுடவைத்துக்கொண்டே இருக்க ஒவ்வொரு நாளும் ஆறேழு நடை. எடை குறைந்த பீரங்கி என்றால் சுலபமான போக்குவரத்து என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

உயரத்துக்கென்று வேறு சில குணங்களும் உண்டு. மெல்லிய காற்றில் குண்டுக்கு இழுவை குறைவு, எனவே அதே சார்ஜில் கூடுதல் தூரம் போகும். எம்777-ன் சாதாரணக் குண்டுக்குத் தாளில் உள்ள 24.7 கி.மீ. அங்கே கூடும். இது நல்ல செய்தி போலத் தெரியும். ஆனால் சமவெளிக்குப் போட்ட தூர அட்டவணையை வைத்துச் சுட்டால் குண்டு இலக்கைத் தாண்டிப் போய் விழும். இன்னொரு பக்கம் குளிர். மருந்தின் தரநிலை வெப்பம் 21 டிகிரி. மைனஸ் 20-ல் கிடந்த மருந்து மெதுவாக எரியும், குண்டு கிட்டத்தில் விழும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும் என்று விட்டுவிட முடியாது. மருந்துப் பெட்டிக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்து, உயரத்துக்கான காற்றழுத்தத் தகவலோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். குழலைப் பழைய இடத்துக்குத் தள்ளும் நைட்ரஜனும் குளிரில் சுருங்கும்: 21 டிகிரியில் நிரப்பியது மைனஸ் 20-ல் 14 சதவீதம் அழுத்தம் இழக்கும். குழல் சோம்பலாகத் திரும்பிவந்து கடைசி இரண்டு விரற்கடை முன்னேற மறுத்தால், பாகத்தைக் கழற்றுவதற்கு முன் அழுத்தமானியைப் பாருங்கள் என்பேன்.

அட்டாக்ஸ் கேள்விக்கு வருகிறேன். அது 52 காலிபர். குழல் 8 மீட்டர். மருந்தறை 25 லிட்டர். 39 காலிபர் வகையில் அது 18 லிட்டர் சொச்சம். கூடுதல் மருந்து, கூடுதல் நீளம் தள்ளல், கூடுதல் வேகம். உரிய குண்டோடு 48 கி.மீ. எட்டியிருக்கிறது. எம்777 ராக்கெட் உதவிக் குண்டில் 30, எக்ஸ்காலிபர் என்ற வழிகாட்டிக் குண்டில் 40. எக்ஸ்காலிபர் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துப் போவதால் மலை மடிப்புக்குள் இருக்கும் இலக்குக்கு அருமையானது, ஆனால் அலைக்குழப்பம் செய்யும் எதிரியிடம் அதன் துல்லியம் குறைந்துபோவதை உக்ரைன் போர் காட்டிவிட்டது. மேலே போட்ட பின்னுதைப்புக் கணக்கில் வேகத்தையும் மருந்தையும் ஏற்றிப் பாருங்கள். 52 காலிபர் குழலை 4 டன் சட்டகம் எப்படித் தாங்கும்? எம்777-லேயே குழலை ஆறடி நீட்டிப் பார்க்கும் முயற்சி ஒன்றை அமெரிக்க ராணுவம் நடத்தியது. படைக்கு அது வரவில்லை. எனவே அட்டாக்ஸ் வீண் வேலை இல்லை. ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் 18 டன்னை லாரி இழுத்துக்கொண்டு போகும். அங்கே ஹெலிகாப்டர் எதற்கு?

உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் நிறைய அடித்துப் பேசப்படும் விஷயம் ஒன்று: 2017 செப்டம்பரில் பொக்ரானில் சோதனையின்போது எம்777 ஒன்றின் குழல் சேதமான சம்பவம். நம் நாட்டுக் குண்டைச் சுட்டபோது நடந்தது, யாருக்கும் காயமில்லை, அடுத்த ஆண்டு நவம்பரில் தேவ்லாலியில் பீரங்கி முறையாகப் படையில் சேர்ந்தது. இதுவரை உறுதி. 'டைட்டானியம் தாங்கவில்லை' என்று அப்போது பரவிய பேச்சு மட்டும் நிச்சயம் தவறு. வெடித்த குழல் எஃகு. குழலுக்குள் குண்டு சிதறுவதற்குக் குண்டுடலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல், செம்பு வளையம் பிய்தல், மருந்து அளவு பிசகு, குழலில் ஏதோ அடைப்பு என்று பல வழி உண்டு. எந்தப் பீரங்கியிலும் இது நடக்கலாம்.

குழல் தேய்மானத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2017-ல் சிரியாவின் ராக்காவில் அமெரிக்க மரைன் பிரிவு ஒன்று ஐந்து மாதத்தில் 35,000 குண்டு சுட்டு, இரண்டு எம்777 குழல்களை எரித்தே தீர்த்தது. உக்ரைனுக்கு 2022 முதல் போனவற்றிலும் இதே கதை: எப்போதும் உச்ச தூரம், எப்போதும் உச்ச சார்ஜ், குழல் சீக்கிரம் வழவழத்துப் போனது. ட்ரோன்கள் இழுவைப் பீரங்கிகளைத் தேடித் தேடி அடித்ததும் அங்கேதான். அதை வைத்து இழுவைப் பீரங்கியின் காலம் முடிந்தது என்று சொல்வது எனக்கு அவசரமாகப் படுகிறது; சமவெளிக்கு அது பொருந்தலாம், தவாங் மலை மடிப்புக்கு அப்படியே பொருந்துமா என்பது இன்னும் தீராத வாதம்.

கடைசியாக, சின்ன எஞ்சின். சிங்கப்பூர் அதைச் செய்தது. அவர்களுடைய பெகாசஸ், 155 மி.மீ., 39 காலிபர், 2005-ல் படைக்கு வந்தது. அதில் சிறு எஞ்சின் உண்டு, மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் தானே உருளும், குண்டேற்றவும் இயந்திர உதவி உண்டு, சினூக்கிலும் தொங்கும். எடை 5.4 டன். எம்777-ஐ விட 1.2 டன் கூடுதல். சினூக் தாராளமாகத் தூக்கும் கடல்மட்டத்தில் அது நல்ல பேரம், நானும் பெகாசஸைத்தான் எடுப்பேன். 4,500 மீட்டரில் அந்த 1.2 டன் என்பது ஒவ்வொரு பீரங்கியோடும் முதல் நடையிலேயே வந்திருக்க வேண்டிய 20 குண்டு.